கோமாளிக்குப் பாடம் எடுக்கும் பிள்ளைகள்

உட்காருங்கள் டீச்சர், டீ சொல்லியாச்சு. நீங்கள் கேட்டது நல்ல கேள்வி. உங்கள் பள்ளிக்கு ஒரு குழு வந்தது. பாடினார்கள், வெறும் துணியிலிருந்து பூ எடுத்தார்கள், மூன்று பந்தை ஒரே நேரத்தில் சுழற்றினார்கள், கோமாளி விழுந்து விழுந்து எழுந்தார். பிள்ளைகள் ஒரு மணி நேரம் சிரித்தார்கள். எல்லாம் முடிந்ததும் தலைமை ஆசிரியர் உங்களைப் பார்த்து, "சரி, இதில் பிள்ளைகள் என்ன கற்றுக்கொண்டார்கள்?" என்று கேட்டார். உங்களுக்குச் சட்டென்று சொல்ல வரவில்லை.

நிகழ்ச்சியின் கடைசியில் கையைக் கழுவுங்கள், மரம் நடுங்கள் என்று ஒரு பாட்டு வந்திருக்கும். பெரும்பாலும் அதைத்தான் பாடம் என்று குறித்துக்கொள்கிறார்கள். அந்தப் பாட்டு வராமலே போயிருந்தாலும் பாடம் நடந்திருக்கும். நடுவில் கோமாளி தொப்பியைத் தலையில் போட்டுக்கொண்டே தொப்பியைத் தேடினாரே, அப்போது இரண்டாம் வகுப்புப் பிள்ளை ஒன்று எழுந்து நின்று "தலையிலதான் இருக்கு!" என்று கத்தியிருக்குமே, அந்த இடத்தைப் பாருங்கள். வகுப்பில் வாய் திறக்காத பிள்ளையாகக்கூட அது இருக்கலாம். ஒரு பெரியவருக்கு அது பாடம் எடுத்தது. நூறு பேர் முன்னால், யாரும் கேட்காமல்.

இந்தக் கலையின் மூச்சே அதுதான். தெரியாதவன் ஒருவனை நடுவில் நிறுத்தி, தெரிந்தவர்களாகப் பிள்ளைகளை ஆக்குவது. பாட்டு, மந்திர வித்தை, சர்க்கஸ் எல்லாம் அவனைச் சுற்றி நின்று வேலை செய்கின்றன.

நம் ஊருக்கு இது புதிதில்லை. தெருக்கூத்தில் கட்டியங்காரனைப் பார்த்திருப்பீர்கள். திரைக்குப் பின்னால் துரியோதனன் நிற்கிறான் என்று ஊருக்கே தெரியும். கட்டியங்காரனுக்கு மட்டும் தெரியாது. "யாருய்யா நீ, எந்த ஊரு, எதுக்கு வந்தே?" என்று அவன் கேட்கிறான். ராஜா பதில் சொல்லச் சொல்ல, கதை தெரியாத சின்னப் பிள்ளைக்கும் கதை புரிகிறது. தோல்பாவைக் கூத்தில் அந்த வேலையை உச்சிக்குடும்பனும் உளுவத்தலையனும் செய்கிறார்கள். கேரளத்துக் கூடியாட்டத்தில் சமஸ்கிருத சுலோகத்தை ஊர்ப் பேச்சில் பிரித்துச் சொல்பவன் விதூஷகன். ஆரோவில் எல்லையில் இருக்கிற ஆதிசக்தி நாடகக் குழுவை வீணாபாணி சாவ்லா 1981இல் மும்பையில் தொடங்கி, 1990களில் இங்கே கொண்டுவந்தார். அந்தக் குழு தன் நடிகர்களுக்குப் பயிற்சியாக எடுத்துக்கொண்ட மரபுகளில் கூடியாட்டமும் ஒன்று. எங்கே போனாலும் பாருங்கள், பெரிய விஷயத்தைச் சபைக்குக் கொண்டுவந்து சேர்ப்பவன் கோமாளியாகத்தான் இருக்கிறான்.

பிள்ளைகளுக்கென்றே இதைச் செய்தவர்களில் நம் புதுச்சேரிக் கரையில் வேலை செய்பவர் ஒருவர் உண்டு. காலாப்பட்டில் புதுவைப் பல்கலைக்கழகம் இருக்கிறது, அதன் நிகழ்கலைத் துறை நாடக ஆசிரியர் சங்கரதாஸ் சுவாமிகள் பெயரில் இயங்குகிறது. அங்கே நாடகம் கற்பித்த வேலு சரவணன், 'ஆழி' என்ற குழந்தைகள் நாடகக் குழுவைப் பல ஆண்டுகளாக நடத்திவருகிறார். 'கடல் பூதம்' அவர் பெயரோடு ஒட்டிக்கொண்ட நாடகம். கோமாளி வேஷத்தில் பள்ளி முற்றத்துக்கு வந்து, பார்க்க உட்கார்ந்த பிள்ளைகளையே ஆட்டத்துக்குள் இழுத்துவிடுவார். மேடை, திரை, விளக்கு இருந்தால்தான் நாடகம் என்ற எண்ணத்தை அவர் உடைத்தார் என்பதைப் பெரிய காரியமாகவே நினைக்கிறேன். பிள்ளை உட்கார்ந்திருக்கும் மண்ணும் நடிகன் நிற்கும் மண்ணும் ஒரே மட்டத்தில் இருந்தால்தான் பிள்ளை எழுந்து கத்தும்.

இப்போது நிகழ்ச்சியின் அங்கங்களை ஒவ்வொன்றாகப் பிரித்துப் பார்க்கலாம். கோமாளியிலிருந்தே தொடங்குகிறேன்.

நல்ல கோமாளி ஒரே தப்பை மூன்று முறை செய்வார். முதல் முறை பிள்ளைகள் சும்மா பார்ப்பார்கள். இரண்டாவது முறை நாலைந்து பேர் பக்கத்துப் பிள்ளையின் விலாவில் இடிப்பார்கள். மூன்றாவது முறை முற்றமே கத்தும். முதலுக்கும் மூன்றாவதுக்கும் நடுவில் கோமாளி அவசரப்படாமல் காத்திருப்பதுதான் அவருடைய தொழில் நுணுக்கம். அந்த இடைவெளியில் பிள்ளையின் தலைக்குள் ஒரு விதி உருவாகிறது: "இவர் ஒவ்வொரு தடவையும் இடது பக்கம்தான் திரும்புகிறார், பொருள் வலது பக்கம் இருக்கிறது." விதியைப் பிள்ளையே கண்டுபிடித்தது. யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை.

இதே விஷயத்தைக் கணக்கிலும் செய்யலாம். ஒரே மாதிரி இரண்டு டம்ளர், இரண்டிலும் ஒரே அளவு மோர். கோமாளி தன் மோரை உயரமான ஒல்லி டம்ளருக்கு மாற்றுகிறார். "பாத்தியா, எனக்குத்தான் நிறைய!" என்று குதிக்கிறார். சுவிட்சர்லாந்து உளவியலாளர் ழான் பியாஜே இதைத்தான் பிள்ளைகளிடம் வைத்துப் பார்த்தார். ஏழு வயதுக்குக் கீழே பெரும்பாலான பிள்ளைகள் உயரமான டம்ளரில் அதிகம் இருக்கிறது என்றே சொல்லும். அதனால் உங்கள் முற்றத்தில் என்ன நடக்கும் தெரியுமா? மூன்றாம் வகுப்பு சிரிக்கும். ஒன்றாம் வகுப்பு சிரிக்காது, அது கோமாளி கட்சி. பிறகு, அண்ணன் அக்கா எல்லாம் எதற்குச் சிரிக்கிறார்கள் என்று திரும்பிப் பார்க்கும். அந்தத் திரும்பிப் பார்த்தலுக்காகவே வகுப்புகளைத் தனித்தனியாகப் பிரித்து உட்கார வைக்காதீர்கள் என்று கேட்டுக்கொள்கிறேன்.

ஒன்றைக் கறாராகச் சொல்லிவிடுகிறேன். கோமாளியின் யோசனையைப் பார்த்துச் சிரிக்கலாம். உடம்பைப் பார்த்துச் சிரிக்கவைக்கக் கூடாது. கறுப்பு, குண்டு, திக்குவாய், நொண்டி நடை, பெண் வேஷம் கட்டிய ஆண் என்று நம் சினிமா நகைச்சுவை எத்தனையோ பேரைக் காயப்படுத்தியிருக்கிறது. அதைப் பள்ளிக்குள் விட்டால் மறுநாளே ஒரு பிள்ளைக்குப் பட்டப்பெயர் விழும். குழுவை அழைக்கும்போதே இதைக் கேட்டு உறுதிசெய்துகொள்ளுங்கள். கோபித்துக்கொள்ளும் குழு வேண்டாம்.

அடுத்தது மந்திரம். 2015இல் அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில் ஏமி ஸ்டால், லிசா ஃபைகன்சன் என்ற இரண்டு ஆய்வாளர்கள் பதினொரு மாதக் குழந்தைகளிடம் ஒரு சோதனை செய்தார்கள். ஒரு பந்து சுவரை ஊடுருவிப் போவதுபோல் சில குழந்தைகளுக்குக் காட்டினார்கள், வேறு சிலருக்குப் பந்து அந்தரத்தில் நிற்பதுபோல். பிறகு பந்தைக் கையில் கொடுத்தபோது, சுவரை ஊடுருவியதைப் பார்த்த குழந்தைகள் அதைத் தரையில் தட்டிப் பார்த்தன. அந்தரத்தில் நின்றதைப் பார்த்தவை கீழே போட்டுப் பார்த்தன. பேச்சு வராத வயது! எது தப்பாக நடந்ததோ அதையே சரியாகச் சோதிக்கின்றன. எதிர்பார்த்தபடி நடந்த பொருளைவிட, எதிர்பாராமல் நடந்துகொண்ட பொருளைப் பற்றி அவை நன்றாகக் கற்றுக்கொண்டன என்றும் கண்டார்கள். மந்திர வித்தை செய்வது இதைத்தான். உலகம் இப்படித்தான் நடக்கும் என்று பிள்ளை வைத்திருக்கும் கணக்கை ஒரு நொடி தப்பாக்கிக் காட்டுகிறது.

இதற்கு நம் கரையில் கிடைக்கும் சாமானே போதும். மரக்காணம் உப்பளப் பிள்ளைகளுக்கு என்று நான் ஒரு வித்தை செய்வதாக இருந்தால் இதைத்தான் செய்வேன். இரண்டு பக்கெட். ஒன்றில் கடல் தண்ணீர், இன்னொன்றில் உப்பு படியப்போகும் பாத்தித் தண்ணீர். கோமாளி ஒரு புது முட்டையைக் கடல் தண்ணீரில் போடுகிறார். முங்கிப் போகிறது. எடுத்து, மந்திரம் சொல்லி, இரண்டாவது பக்கெட்டில் போடுகிறார். மிதக்கிறது. ஒரு லிட்டர் கடல் தண்ணீர் ஏறத்தாழ 1,025 கிராம். உப்பு படியும் பக்குவத்துக்கு வந்த பாத்தித் தண்ணீர் ஒரு லிட்டர் 1,200 கிராமைத் தாண்டும். முட்டை இரண்டுக்கும் நடுவில், லிட்டருக்கு 1,080 கிராம் அளவில் நிற்கிறது. உப்பளத்தில் தண்ணீரின் பக்குவத்தை மிதக்கும் கண்ணாடிக் குழாயை வைத்து டிகிரி கணக்கில் பார்ப்பார்கள். கடல் தண்ணீர் மூன்று டிகிரிச் சுமார், இருபத்தைந்தை எட்டினால் உப்பு படியும். முட்டையும் அந்தக் குழாயும் செய்வது ஒரே வேலை. உப்பளத்தில் வேலை செய்கிறவர்களின் பிள்ளை இந்த வித்தையைப் பார்த்தால், தன் வீட்டுத் தொழிலுக்குள் இருக்கிற இயற்பியலைப் பார்க்கிறது. வகுப்பில் முதல் மாணவன் யாராக இருந்தாலும் அன்றைக்கு விஷயம் தெரிந்தவர் உப்பளத்துப் பிள்ளைதான். முட்டை மட்டும் புதிதாக இருக்க வேண்டும். கூமுட்டை வெறும் தண்ணீரிலேயே மிதந்துவிடும். அதையும் வேண்டுமென்றே ஒன்று வைத்துக்கொண்டால் கோமாளி திண்டாடுவதற்கு இன்னொரு சந்தர்ப்பம் கிடைக்கும்.

வித்தையின் ரகசியத்தைச் சொல்லலாமா கூடாதா என்று கேட்பீர்கள். தொழில்முறை மந்திரவாதிகள் சொல்ல மாட்டார்கள். அறிவியல் இயக்கத்துக்காரர்கள் சொல்லியே தீருவார்கள். போத்தனூரில் வாழ்ந்து 2009இல் மறைந்த பி. பிரேமானந்த், சாமியார்கள் செய்யும் 'அற்புதங்களை' ஊர் ஊராகச் செய்துகாட்டி, எப்படிச் செய்தேன் என்று உடனே விளக்கியவர். தமிழ்நாடு அறிவியல் இயக்கமும் பள்ளிகளில் 'மந்திரமா தந்திரமா' என்று நடத்திவருவது அதே வழியில்தான். ஏமாற்றுக்காரனிடம் ஊர் பணத்தை இழக்கும் இடத்தில் அவர்கள் செய்தது மிகச் சரி. பிள்ளைகள் விஷயத்தில் நான் ஒரே ஒரு மாற்றம் சொல்வேன்: வித்தைக்கும் விளக்கத்துக்கும் நடுவில் ஒரு இரவு விடுங்கள். அன்று ராத்திரி வீட்டில் பிள்ளை அம்மாவிடம் கேட்கும், தம்பியிடம் சண்டை போடும், சொம்பில் உப்புக் கரைத்துப் பார்க்கும். காலையில் நீங்கள் கேட்டால் நாலு விதமான விளக்கம் வரும். நாலில் மூன்று தப்பாக இருக்கும், இருக்கட்டும். மஞ்சளில் சுண்ணாம்பு சேர்த்தால் சிவப்பாவதை நம் பிள்ளைகள் ஆரத்தித் தட்டில் பார்த்தவர்கள். அங்கிருந்து தொடங்கினால் எத்தனையோ நிற வித்தை செய்யலாம். தீ வைக்கும் வித்தைகளைத் தயவுசெய்து பள்ளிப் பக்கம் கொண்டுவராதீர்கள். பார்த்ததை வீட்டில் செய்து பார்க்கத்தான் செய்யும் அந்த வயது.

பாட்டைப் பற்றி நான் அதிகம் சொல்ல வேண்டியதில்லை, வாய்ப்பாட்டை ராகம் போட்டுச் சொன்ன தலைமுறைதான் நாம் எல்லோரும். நிகழ்ச்சியில் பாட்டுக்கு முதல் வேலை ஆட்களைச் சேர்ப்பது. பறை அடித்தால் தெரு கூடும். இரண்டாவது வேலை, கத்திக் களைத்த கூட்டத்தை மறுபடி ஒரே மூச்சுக்குக் கொண்டுவருவது. குழுவில் மூத்தவர் எப்போது மேளத்தைத் தொடுகிறார் என்று கவனியுங்கள்.

சர்க்கஸில்தான் நான் கொஞ்சம் நின்று பேச விரும்புகிறேன். கயிற்றில் நடப்பதும் அதற்குப் பறை கொட்டுவதும் சங்க காலத்திலேயே உண்டு. குறுந்தொகையின் ஏழாம் பாட்டில், காற்றில் சலசலக்கும் வாகை நெற்றின் ஒலி கயிற்றாட்டக்காரர் பறைக்கு ஒப்பாக வருகிறது. பந்தை எறிந்து பிடிப்பது நம் பெண் பிள்ளைகளின் அம்மானை ஆட்டம். சிலப்பதிகாரத்து வாழ்த்துக் காதையில் அம்மானை வரி இருக்கிறது. பின்னாளில் புலவர்கள் அதைச் செய்யுள் வடிவமாகவே ஆக்கினார்கள். ஒருத்தி ஒரு செய்தியைச் சொல்வாள், இரண்டாமவள் மடக்கிக் கேள்வி கேட்பாள், மூன்றாமவள் சிலேடையில் பதில் சொல்லி முடிப்பாள். கையில் வித்தை, வாயில் பாட்டு, நடுவில் கேள்வி, முடிவில் சிரிப்பு. நீங்கள் உங்கள் பள்ளியில் பார்த்த நிகழ்ச்சியின் நாலு அங்கமும் அதற்குள் இருக்கிறது. இதை வெளிநாட்டுச் சரக்கு என்று யாராவது சொன்னால் அம்மானையைச் சொல்லுங்கள்.

சர்க்கஸ் பிள்ளைக்குக் கொடுப்பது எல்லோரும் பார்க்கத் தவறு செய்யும் அனுபவம். பந்து கீழே விழத்தான் செய்யும். கணக்கு நோட்டில் தவறு சிவப்பு மையில் நிற்கும், இங்கே குனிந்து எடுத்து மறுபடி எறியலாம். எறிவதில்தான் தப்பு நடக்கிறது, பிடிப்பதில் இல்லை என்று பத்து முறை விட்டபின் கைக்கே தெரிந்துவிடும். ஆரோவில் போன்ற இடத்தில் இன்னொரு லாபமும் உண்டு. 1968 பிப்ரவரி 28இல் தொடங்கப்பட்ட அந்த ஊரில் தமிழும் பிரெஞ்சும் ஆங்கிலமும் பேசும் பிள்ளைகள் கலந்து வளர்கிறார்கள். சுற்றிலும் குயிலாப்பாளையம், எடையஞ்சாவடி, கோட்டக்கரை என்று தமிழ்க் கிராமங்கள். பந்துக்கும் கயிற்றுக்கும் வாழைப்பழத் தோலுக்கும் மொழிபெயர்ப்பு தேவைப்படாது. எந்த மொழியும் இல்லாத உளறலில் கோமாளி பேசினால், எல்லாப் பிள்ளையும் சமமான இடத்தில் நின்று கேட்கும்.

ஆனால் இந்தக் கலைகளில் பிள்ளைகள் பட்ட பாட்டையும் நாம் மறக்கக் கூடாது. 1922இல் புதுச்சேரியில் காலமான சங்கரதாஸ் சுவாமிகள், 1918இல் மதுரையில் தத்துவ மீனலோசனி வித்துவ பால சபை என்ற சிறுவர் நாடகக் குழுவைத் தொடங்கினார். பின்னாளில் பெயர்பெற்ற நாடக நடிகரான தி.க. சண்முகத்துக்கு அதில் சேர்ந்தபோது ஆறு வயது. அன்றைய பாய்ஸ் கம்பெனிகளில் பிள்ளைகள் பெரியவர்களுக்காக ராத்திரி முழுக்க நடித்தார்கள். மகத்தான நடிகர்கள் அங்கிருந்து வந்தார்கள் என்பது உண்மை, பள்ளிக்கூடம் அவர்களுக்குக் கிடைக்கவில்லை என்பதும் உண்மை. சர்க்கஸ் கூடாரங்களில் நிலைமை இன்னும் மோசம். பிள்ளைகளைச் சர்க்கஸில் வேலைக்கு வைப்பதைத் தடை செய்ய 2011 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் உத்தரவிட வேண்டியிருந்தது. கலைக்கும் படிப்புக்கும் நடுவழி தேடியவர்களும் உண்டு. சிறு வயதிலேயே படிப்பை விட்டுக் கூத்துக்குப் போன பெ. ராஜகோபால், ஹன்னே டி பிரைனோடு சேர்ந்து காஞ்சிபுரம் அருகே புஞ்சரசந்தாங்கலில் 2002இல் கட்டைக்கூத்து குருகுலம் தொடங்கினார். பள்ளிப் படிப்பும் கூத்தும் ஒரே இடத்தில். தனக்குக் கிடைக்காததை அடுத்த தலைமுறைக்கு அவர் கட்டிக் கொடுத்ததை நினைக்கும்போதெல்லாம் எனக்கு மரியாதை கூடுகிறது.

இன்னொரு டீ? சரி.

நம் மரக்காணத்துக்கே வருவோம். கொரோனாவில் பள்ளிகள் 2020 மார்ச்சில் மூடின. ஒன்று முதல் எட்டு வரையுள்ள வகுப்புகள் திறந்தது 2021 நவம்பர் 1. அதற்கு ஐந்து நாள் முன்பு, அக்டோபர் 27 அன்று, மரக்காணம் அருகே முதலியார்குப்பத்தில்தான் முதலமைச்சர் மு.க. ஸ்டாலின் 'இல்லம் தேடிக் கல்வி'யைத் தொடங்கிவைத்தார். மாலை ஐந்திலிருந்து ஏழுக்குள், வீட்டுப் பக்கத்திலேயே, தன்னார்வலர் ஒருவர் நடத்தும் ஒரு மணி, ஒன்றரை மணி நேர வகுப்பு. ஊர் ஊராகப் போய் அந்தச் செய்தியைச் சொன்னவர்கள் கலைக்குழுக்கள். பறை, ஒயில், பொம்மை, கோமாளி. ஒன்றரை வருஷம் புத்தகத்தைத் தொடாத பிள்ளையைத் திரும்ப உட்கார வைக்கச் சுற்றறிக்கை உதவாது என்பது அரசாங்கத்துக்கே தெரிந்திருந்தது. ஆனால் கூட்டம் சேர்ந்ததும் கலைஞர்களை அனுப்பிவிட்டுப் பாடத்தைத் தொடங்கும் வழக்கம் நமக்கு இருக்கிறது. பாட்டு வேறு, பாடம் வேறு என்று பிரிப்பதில் எனக்கு உடன்பாடில்லை.

அமெரிக்காவில் 'செசமி ஸ்ட்ரீட்' தொலைக்காட்சித் தொடரை 1969இல் தொடங்குவதற்கு முன்பு இதே தவறைச் செய்து திருத்திக்கொண்டார்கள். பொம்மைகளையும் மனிதர்களையும் கலந்தால் பிள்ளைகள் குழம்புவார்கள் என்று நிபுணர்கள் சொன்னதால், தனித்தனியாக எடுத்தார்கள். ஒளிபரப்புக்கு முன் பிள்ளைகளிடம் போட்டுக் காட்டியபோது, மனிதர்கள் மட்டும் வரும் தெருக்காட்சிகளில் கவனம் சிதறியது. அப்புறம்தான் எட்டடி உயர மஞ்சள் பறவை ஒன்றைத் தெருவுக்குள் கொண்டுவந்தார்கள். பெரிய உருவம், சின்னப் பிள்ளை புத்தி, எதையும் தப்பாகப் புரிந்துகொள்ளும். நம் கட்டியங்காரன் வேலைதான்.

அடுத்த முறை குழு வரும்போது சில காரியங்கள் செய்யுங்கள். மதியச் சோறு சாப்பிட்ட உடனே வேண்டாம், காலையிலோ மூன்றரைக்கு மேலோ வையுங்கள். மேடை வேண்டாம், மரத்தடி போதும். சின்னப் பிள்ளைகள் முன்னால் உட்காரட்டும், ஆனால் சாயம் பூசிய முகத்துடன் கோமாளி திடீரென்று எதிரில் வந்தால் சில பிள்ளை அலறும். அவரை வெறும் முகத்தோடு வரச்சொல்லி, பிள்ளைகள் பார்க்கவே மூக்கில் சாயம் வைக்கச் சொல்லுங்கள். பொன்னாடை, வரவேற்புரை எல்லாம் தொடக்கத்தில் வேண்டாம், அது பிள்ளைகளை வாய்மூட வைத்துவிடும். கத்தினால் அதட்டுவதற்கென்று பிரம்போடு யாரும் ஓரத்தில் நிற்க வேண்டாம்.

மறுநாள் காலை ஐந்தாம் வகுப்பில் தொப்பியை ஒரு பிள்ளையிடம் கொடுத்து, "எட்டாம் வாய்ப்பாடு தெரியாத கோமாளியாக நடி" என்று சொல்லிப் பாருங்கள். முதலில் எல்லா இடத்திலும் தப்பாகச் சொல்வான், யாருக்கும் சிரிப்பு வராது. ஏழு இடத்தில் சரியாகச் சொல்லி எட்டாவது இடத்தில் தவறினால்தான் வகுப்பு சிரிக்கும் என்று இரண்டு ஆட்டத்தில் புரிந்துகொள்வான். அப்புறம் எந்த இடத்தில் தவறுவது, அறுபத்து நாலுக்குப் பதில் எந்த எண்ணைச் சொன்னால் நம்பும்படியாக இருக்கும் என்று நாலைந்து பேர் சேர்ந்து சண்டை போடுவார்கள். அந்தச் சண்டை நடக்கும்போது நீங்கள் கடைசிப் பெஞ்சில் உட்கார்ந்துகொள்ளுங்கள் டீச்சர். நடுவில் போய்த் திருத்த வேண்டாம்.